திங்கட்கிழமைக்கு ஒரு கருதுகோள்

கருதுகோள் என்றால், கருது, கோள், இரண்டும் சேர்ந்து கருதுகோள், கோள் எங்கிருந்து வந்தது என்றால் கொள் என்பதிலிருந்து வந்தது, கொள், கோள், கெடு, கேடு, படு, பாடு, இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், திங்கட்கிழமை போர்டு முன்னால் நின்று, முதல் வரி தடுமாறாமல் வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும், ஆனால் எங்கே ஆரம்பிக்க விடுகிறார்கள், மேசைக்குப் பின்னால் இருக்கிற சிஸ்டர் மறுபடியும் மூக்கால் கூப்பிடுகிறாள், "ஆவுடைத்தாய் யாரும்மா, ஆவுடைத்தாய்", முழுப் பெயரும் மூக்குக்குள் போய்ச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது, கடைசி எழுத்து மட்டும் வாய் வழியாக, ஐயோ என்ன அருமையான குரல், இதை எடுக்க எனக்கு அரை நிமிடம் போதும், நாக்கின் அடியைத் தூக்கி அண்ணத்தில் ஒட்டவைத்து மூச்சை மேலே தள்ளினால் அப்படியே வரும், வருகிறதா என்று வாயை மூடிக்கொண்டே உள்ளுக்குள் தள்ளிப் பார்க்கிறேன், அம்மா தொடையில் கிள்ளுகிறாள். "ஏல, என்ன சொல்லிக் கூட்டியாந்தேன்?" சொன்னது ஞாபகம் இருக்கிறது தாயே. உள்ளே போகிறவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, உள்ளே போனதும் திறக்க வேண்டும், திறந்தால் என் சொந்தக் குரலில்தான் பேச வேண்டும், இன்னொருத்தர் குரலில் ஒரு எழுத்து வந்தாலும் டாக்டர் முன்னால் வைத்தே செவிட்டில் அறைவேன் என்று முருகன்குறிச்சியில் பஸ் ஏறும்போதே சத்தியம் செய்தாகிவிட்டது. காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் செவிட்டில் அறை வாங்கினால் அங்கேயே வைத்தியமும் பார்த்துக்கொள்ளலாம், இதை அவளிடம் சொல்ல வேண்டும், அவள் அக்காள் குரலில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும், சொல்ல முடியாது, வாயை மூடு. பெஞ்சு வேறு ஆடுகிறது. இந்தப் பெஞ்சில் நாங்கள் நாலு பேர், நான், அம்மா, அம்மாவின் அக்காள் வடிவு பெரியம்மா, காதில் பஞ்சு வைத்த ஒரு அண்ணாச்சி, அவர் அந்தப் பக்கம் சாய்ந்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரு விரல் உயரம் எழும்புகிறோம், நிமிர்ந்தால் டொக்கென்று இறங்குகிறோம், அவர் காதில் இது எதுவும் விழவில்லை.

கருதுகோள். விட்ட இடத்திலிருந்து. இல்லை, முதலில் இந்தத் தொல்லை எப்படி வந்தது, ஞானதிரவியம் சார் கெமிஸ்ட்ரி வகுப்பில் அவகாட்ரோ கருதுகோள் நடத்திக்கொண்டிருந்தார், நடுவில் நிறுத்தி, "கருதுகோள், கருதுகோள்னு படிச்சிட்டே போறோமே, அப்படின்னா என்னடே?" என்றார், எவனும் வாய் திறக்கவில்லை, பல்லி கத்தினால்கூடக் கேட்கிற அமைதி, அந்த அமைதிதான் எனக்கு ஆகாது, கடைசி பெஞ்சிலிருந்து சாருடைய குரலிலேயே, அந்தக் கரகரப்பு, வாக்கியத்தின் வாலில் ஒரு இருமல், எல்லாம் சேர்த்து, "கருதுகோள்னா கருதுகோள்தாம்டே, உக்காரு" என்று நான்தான் சொன்னேன். நல்ல வேலைதான் செய்தேன், அதில் எனக்கு வருத்தமே கிடையாது, சார் அவரே சொல்லிவிட்டதாக நினைத்து ஒரு கணம் தலையாட்டினார், வகுப்பு உருண்டது. அடிப்பார் என்று பார்த்தால் அவர் அடிக்கவில்லை, அடித்திருக்கலாம். "திங்கட்கிழமை போர்டு முன்னால நின்னு இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கேருந்து வந்துச்சு, ரெண்டையும் சொல்லுதே. என் குரல்ல இல்ல. ஹெச்செம் குரல்ல இல்ல. உன் குரல்ல." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், ஒரு சாக்பீஸ் எடுத்துவா என்கிற மாதிரி. அவருக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு பிளஸ் ஒன்னுக்கு அங்கே சேர்ந்ததிலிருந்து என் சொந்தக் குரலை நான் அங்கே கொண்டுபோனதே இல்லை, கண்டக்டர் குரலில் 'உள்ளேன் ஐயா' சொல்வேன், ஹெச்செம் மாதிரி தொண்டையைச் செருமி வகுப்பையே எழுந்து நிற்க வைப்பேன், பேனா கடன் கேட்பதென்றால் எலெக்‌ஷன் ஆட்டோ குரலில் "அன்பார்ந்த பெரியோர்களே" என்று கேட்பேன், பேச்சிமுத்து ஒரு டேப்ரெக்கார்டர்டே என்று எல்லோரும் என்னைச் சுற்றித்தான் நிற்பார்கள், என்னுடைய குரல் என்று ஒன்று இருக்கும், அது எப்படி இருக்கும் என்று ஒருத்தனும் கேட்டதில்லை, அதுதானே வித்தை. சொந்தக் குரல் உடையவே இல்லை. கூடப் படித்த எல்லாருக்கும் எட்டாம் வகுப்பில், ஒன்பதில், தகரம் கிழிகிற மாதிரி கிழிந்து, பிறகு தடித்து இறங்கிவிட்டது, எனக்கு மீசை வந்தது, கால் செருப்பு அளவு அப்பாவுடையதைத் தாண்டியது, குரல் மட்டும் தங்கச்சி மகராசியுடையதற்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்தால் "சொல்லுங்க மேடம்." சொல்லுகிறேன் சார். "மேடம், வீட்டுல ஜென்ட்ஸ் யாராவது இருக்காங்களா?" எரிச்சலாக வருமா வராதா. அது யாரோ, போகட்டும். அப்பா பம்பாயில் ஓட்டல் வேலை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார், போன வருஷம் ஒரு நாள் நான் எடுத்து ஹலோ என்றதும், "மகராசியா, அண்ணன் எங்கட்டி?" என்றார். 'அண்ணன் கடைக்குப் போயிருக்கான்' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் மாமா குரலில் பேசுவேன், ரேடியோ செய்தி குரலில் பேசுவேன், அவரும் சிரிப்பார், "இந்தப் பயலைப் பாரேன்" என்பார், நான் எப்படி இருக்கிறேன் என்று பேச இருவருக்குமே நேரம் இருக்காது.

டொக். அண்ணாச்சி நிமிர்ந்துவிட்டார். அம்மா அவரைப் பார்க்கிறாள், அவர் மின்விசிறியைப் பார்க்கிறார். பெரியம்மா ஆரம்பித்துவிட்டாள், யாரிடம் சொல்கிறாள் என்றால் பஞ்சு வைத்த காதிடம். "கண்ணேறு அண்ணாச்சி. ஆறாங்கிளாஸ்ல கோயில் கொடையில மைக்ல பாடினான் பாத்துக்கிடுங்க, ஊரே வாயைப் பிளந்துச்சு, அன்னைக்கே போட்டாளுவ கண்ணு, அன்னையிலேருந்து குரல் அங்கனயே நின்னுட்டு." அண்ணாச்சி "எங்கன?" என்கிறார். "அங்கனயே!" நான் பல்லைக் கடிக்கிறேன். கண்ணேறு என்றாள், சரி, உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள், ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லையே பெரியம்மா என்றால் "அது பலமான கண்ணுல" என்கிறாள், இன்னும் சுற்றினாள், அப்போதும் ஆகவில்லை, "பாத்தியா, எவ்வளவு பலமான கண்ணுன்னு இப்பமாவது தெரியுதா?" இதில் எப்படி அவள் தோற்பாள், எந்தப் பக்கம் விழுந்தாலும் அவள் பக்கமே விழுகிறது. ஐஸ் தண்ணீர் குடித்ததால் என்பது அம்மா. இத்தனை பேர் குரலைத் திருடினால் சாமி சொந்தக் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது எதிர்வீட்டுக்காரி. ஆளாளுக்கு ஒன்று, ஒருத்தரும் கேட்கவே இல்லை, எல்லாரும் சொல்கிறார்கள். இதற்கும் கருதுகோளுக்கும் என்ன வித்தியாசம், இதைத்தான் சொர்ணம் டீச்சரிடம் கேட்கப் போனேன், தமிழ் டீச்சர், ஸ்டாஃப் ரூமில் தக்காளிச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவரிடம் யார் குரலில் பேசுவது என்று யோசித்து கடைசியில் லைப்ரரி சாருடைய மெல்லிய குரலில் கேட்டேன். டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கினார், "கருதிக் கொள்வது கருதுகோள். குறித்துக்கொண்டது குறிக்கோள் இல்லையா, மேலே எடுத்துக்கொண்டது மேற்கோள் இல்லையா, அந்தக் குடும்பம். பழைய சொல் ரெண்டை எடுத்து விஞ்ஞானத்துக்காக ஒட்டியிருக்காங்க, யார் ஒட்டினதுன்னு எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்." இங்கிலீஷில் அதற்குள்ள சொல், ஹைப்பாதிசிஸ், கிரேக்கத்திலிருந்து வந்ததாம், 'அடியில் வைத்தது' என்று பொருளாம், இதுவும் டீச்சர்தான் சொன்னார். அடியில் வைத்தது. எதற்கு அடியில்? கேட்பதற்குள் பெல் அடித்துவிட்டது. அங்கேதான் நிற்கிறேன் மூன்று நாளாக, அடியில் வைத்தது, தலையில்லை வாலில்லை, கருதிக் கொள்வது என்பது புரிகிறது, இப்போதைக்கு இப்படி என்று எடுத்துக்கொள்வோம், சரி, அப்படியென்றால் பெரியம்மாவும் கருதித்தானே கொண்டிருக்கிறாள், வலுவாகக் கொண்டிருக்கிறாள், விடமாட்டேன் என்கிறாள், அப்போது கண்ணேறும் கருதுகோளா, சார் கேட்டால் என்ன சொல்வேன், என்ன குரலில் சொல்வேன்.

டொக். "சனியன் பிடிச்ச பெஞ்சு" என்று அம்மா சன்னமாகத் திட்டுகிறாள். அவளுக்குப் பெஞ்சு மேல் கோபம் இல்லை. போன தடவை இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், உள்ளே போனோம், டாக்டர் ரஹ்மத் நிஷா, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர், "என்ன தம்பி பிரச்சினை?" என்று கேட்டார், நான் வாயைத் திறந்தேன், சத்தியமாக விளையாட்டுக்கு இல்லை, பயம், பயத்தில் வாயில் எது முதலில் வந்ததோ அதுதான் வந்தது, ஞானதிரவியம் சார் வந்தார். "பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர், அம்மா சும்மா பயப்படுதாங்க." கரகரப்பும் இருமலும் சேர்த்து. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காட்டினார், வெள்ளையாக இரண்டு குரல்நாண், திறந்து மூடியது, "நல்லாத்தானேம்மா இருக்கு, வயசுக்கு மீறின குரலே இருக்கு, இதுல என்ன குறை?" அம்மா, "இல்ல டாக்டரம்மா, இது இவன் குரல் இல்ல, இது இவன் வாத்தியார் குரல்" என்றாள். டாக்டர் கண்ணாடிக்கு மேலே அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடுத்தபடியாக அம்மாவுக்கு வேறு ஏதாவது டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார் போல. தொண்டை டாக்டரிடம் போய் இன்னொருத்தன் தொண்டையைக் காட்டிவிட்டு வந்த ஒரே ஆள் இந்தப் பாளையங்கோட்டையில் நான்தான். வெளியே வந்து அம்மா அழவும் இல்லை, அதுதான் மோசம், சமாதானபுரம் வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மறுநாள் அவள் மட்டும் வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், நேற்று டாக்டரே போன் செய்தார், "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கும்மா, உறுதியா இப்பச் சொல்லமாட்டேன், பையனைக் கூட்டிட்டு வாங்க." சந்தேகம். அந்தச் சொல்தான் அம்மா வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள், என்ன சந்தேகம் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம், காலையில் என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஏல, உனக்கு... வேற ஒண்ணும் இல்லைல்லா?" என்றாள். வேற ஒண்ணும். பழைய பள்ளிக்கூடத்தில் பின்னால் நின்று கைதட்டிச் சிரிப்பார்களே, அந்த வேற ஒண்ணும். பிரேயரில் இன்றைய செய்திகள் வாசிக்க என்னைக் கூப்பிட்டு, நான் 'இன்றைய' என்று சொன்னதுமே மைதானம் முழுக்க ஒரு அலை மாதிரி வந்ததே, அந்த வேற ஒண்ணும், அன்றைக்கு 'செய்திகள்' என்பதை ரேடியோ குரலில் சொன்னேன், அலை அப்படியே கைதட்டலாகத் திரும்பியது, அப்போதுதான் தெரிந்தது, ஓ, இப்படித் தப்பிக்கலாம் போலிருக்கே என்று. 'ஒன்றும் இல்லை அம்மா' என்று நான் மகராசி குரலில் சொன்னேன். என் குரலில் சொன்னாலும் அதேபோலத்தான் இருந்திருக்கும்.

ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறுகிறது, குழாய் மூக்குக்குள் போன இடம் இப்போதே கரிக்கிறது, அண்ணாச்சி அந்தப் பக்கம் சாய்கிறார், நாங்கள் எழும்புகிறோம், இதற்கு மேல் என்னால் ஆகாது, எழுந்துவிட்டேன். "எங்கல போற?" எங்கேயும் போகவில்லை, குனிந்து பார்க்கிறேன், அம்மாவின் பக்கத்துக் கால்தான் குட்டை என்று தோன்றுகிறது, காலி மாத்திரை அட்டை ஒன்று கீழே கிடக்கிறது, அதை மடித்து அடியில் சொருகுகிறேன், சிஸ்டர் மூக்கால், "தம்பி என்ன பண்றீங்க?" என்கிறாள், அவள் குரலிலேயே பதில் சொல்லத் தொண்டை துடிக்கிறது, அடங்கு, கையால் பெஞ்சை அழுத்திப் பார்க்கிறேன், ஆடுகிறது. அப்படியென்றால் குட்டை அந்தக் கால் இல்லை. அட்டையை உருவி எதிர்மூலையில் வைக்கிறேன், அழுத்துகிறேன், கொஞ்சம் ஆடுகிறது, இன்னொரு மடிப்பு மடித்து வைக்கிறேன். நின்றுவிட்டது. அண்ணாச்சி அந்தப் பக்கம் சாய்கிறார், ஒன்றும் இல்லை, நிமிர்கிறார், டொக் இல்லை. நான் குனிந்தபடியே நிற்கிறேன். அடியில் வைத்தது. வைத்தது, பார்த்தது, ஆடினால் எடுத்துப் போட்டது. அட, இவ்வளவுதானா? பெரியம்மா அவள் கண்ணேறை அடியில் வைத்துவிட்டு, ஆடுகிறதா என்று பார்க்கவே மாட்டாள், ஆடினாலும் பெஞ்சைத்தான் திட்டுவாள், அட்டையை உருவ மாட்டாள். உருவத் தயாராக இருந்து வைப்பதுதான் கருதுகோள், இதைச் சாரிடம் சொல்ல வேண்டும், பெஞ்சையே உதாரணமாகச் சொல்ல வேண்டும், எவ்வளவு நன்றாக இருக்கிறது, யார் குரலில், அதுதானே, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், சவம், சொல்ல விஷயம் கிடைத்துவிட்டது, சொல்ல ஆள் இல்லை. "பேச்சிமுத்து யாருப்பா, பேச்சிமுத்து." மூக்குக்குள் போய்ச் சுற்றி வெளியே வருகிறது என் பெயர்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார். "வாங்க வாத்தியார்." அம்மாவின் கை என் முதுகில், செவிட்டுக்கு எட்டுகிற தூரத்தில். "இன்னைக்கு யாரு வந்திருக்கா? சொல்லு பாப்போம்." சொல்கிறேன். என் குரலில், அந்தக் கீச்சு, மெல்லிய கம்பி மாதிரி, "நான்தான் டாக்டர்." அறை முழுக்க அது நிற்கிறது, சுவரில் காது படம், தொண்டைப் படம், எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கின்றன, காது சூடாகிறது, சிரிக்கப் போகிறார், இதோ, சிரிக்கவில்லை, ஏதோ எழுதுகிறார். "இருமு." இருமுகிறேன். "பாத்தீங்களாம்மா, இருமல் எவ்வளவு கனமா வருது? அன்னைக்கு வாத்தியார் குரலும் கனமாத்தான் வந்துச்சு. நீங்க மறுநாள் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே உறைச்சுது. நாண்ல குறை இருந்தா அது வந்திருக்காது. அதனால, இப்போதைக்கு நான் இப்படி வச்சுக்கிறேன், குரல் எப்பவோ உடைஞ்சிருச்சு, இவன் தொண்டை பழைய குரலை இறுக்கிப் பிடிச்சுப் பழகிருச்சு, விடத் தெரியல. இது தப்பாக்கூட இருக்கலாம். இப்பவே பாத்துரலாம்." தப்பாக்கூட இருக்கலாம் என்று இவர்தான் முதலில் சொல்கிறார், இத்தனை பேரில் இவர் ஒருத்தர்தான். எழுந்து வருகிறார், கட்டைவிரல் என் குரல்வளை மேல், குளிர்ச்சியாக, உள்ளேயும் கீழேயுமாக அழுத்துகிறது, "யாரையும் நினைக்காத. வாத்தியார் வேண்டாம், யாரும் வேண்டாம். ஆன்னு சொல்லு." யாரையும் நினைக்காமல் எப்படி வாயைத் திறப்பது, வாயைத் திறக்குமுன் ஒருத்தரை நினைப்பதுதானே வழக்கம், யாரும் இல்லாமல் திறந்தால் வெறும் பள்ளம் மாதிரி இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை, திறக்கிறேன். ஆ. அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள். சத்தியமாக வேறு யாரோ, நான் திரும்பிப் பார்க்கப் போனேன், விரல் விடவில்லை. கனமாக, கொஞ்சம் பிசிறோடு, நெஞ்செலும்பில் அதிர்கிறது. "பேரைச் சொல்லு." "பேச்சிமுத்து." யார் இவன், சார் இல்லை, ஹெச்செம் இல்லை, கண்டக்டர் இல்லை, மாமா இல்லை, என்னிடம் இருக்கிற ஆட்களில் இவன் இல்லவே இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். டாக்டர் விரலை எடுத்தார். "இன்னொரு தடவை சொல்லு." "பேச்சிமுத்து" என்கிறது கீச்சுக் கம்பி. "போயிருச்சா? போகும். தினமும் கையை இப்படி வச்சுப் பழகு, பயிற்சிக்கு ஆள் இருக்காங்க, வாரா வாரம் வா. கொஞ்சம் கொஞ்சமா விரல் இல்லாமலே நிக்கும்." திங்கட்கிழமைக்குள் நிற்குமா டாக்டர்? "திங்கட்கிழமை விரலை வச்சுக்கிட்டே பேசு. கேட்டா டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லு."

வெளியே வந்தாகிவிட்டது. பெரியம்மா, "நான் சுத்திப் போட்டது இப்பம்லா வேலை செய்யுது" என்கிறாள், பார், சொல்கிறாள் பார், கடவுளே. பஸ் ஸ்டாப்பில் நின்று விரல் இல்லாமல் அவனை எடுத்துப் பார்க்கிறேன், எத்தனை குரலை எடுத்திருக்கிறேன், கேட்ட மாத்திரத்தில் அரை நிமிடத்தில், இவனை எடுக்க முடியவில்லை, நாக்கை அங்கே வைக்கிறேன், இங்கே வைக்கிறேன், மூச்சைத் தள்ளுகிறேன், சார் வருகிறார், மாமா வருகிறார், எலெக்‌ஷன் ஆட்டோ வருகிறது, இவன் வரமாட்டேன் என்கிறான், அரைக் குரங்கு மாதிரி ஒரு சத்தம் வருகிறது, பக்கத்தில் நிற்கிறவர் நகர்ந்து நிற்கிறார். இத்தனை பேரை மடக்கினவன் இந்த ஒருத்தனிடம் தோற்பதா. அம்மாவோ போனை எடுத்துவிட்டாள், இன்றைக்கு ஞாயிறு இல்லை, பம்பாயில் மத்தியான கூட்டம், அப்பா தோசைக்கல் முன்னால் நிற்கிற நேரம், எதற்கு இப்போது என்கிறேன், அவள் கேட்கவில்லை, போன் அடிக்கிறது, அப்பா எடுத்ததும் என் காதில் திணிக்கிறாள். பாத்திரச் சத்தம், யாரோ இந்தியில் கத்துகிறார்கள், நடுவில் அப்பா, நம்பரைப் பார்க்காமலே எடுத்திருப்பார், "ஹலோ." கட்டைவிரலைக் குரல்வளை மேல் வைக்கிறேன், உள்ளேயும் கீழேயும், எந்த இடம், இந்த இடமா, ஆடுகிறது, கொஞ்சம் தள்ளி, இதோ. "அப்பா." "யாரு?" "நான்தான்." "நான்தான்னா? யாரு சார் பேசுறது?" அன்றைக்குத் தங்கச்சியா என்றார், இன்றைக்கு சார் என்கிறார், இந்த மனுஷனுக்கு நான் எந்தக் குரலில் பேசினாலும் ஆள் தெரியப்போவதில்லை, எரிச்சலாக வருகிறது, கண் வேறு கரிக்கிறது, பஸ் வந்துவிட்டது, பெரியம்மா கையைப் பிடித்து இழுக்கிறாள், ஏறமாட்டேன், அடுத்த பஸ்ஸில் வருகிறேன், விரலை எடுக்கமாட்டேன், சத்தமாகச் சொல்கிறேன், "நல்லா யோசிச்சுப் பாத்துச் சொல்லுங்கப்பா, வைக்கமாட்டேன்."